ஐயமும் அச்சமும் அகலும் வழி

மாணவ மாணவியர்களே,

வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவு அறை என்று ஒன்று உண்டு. கதவை மூடியவுடன் வெளியுலகத்தின் ஓசை முழுவதும் அடங்கிவிடும். எதிரே ஓர் ஒலிவாங்கி. சுவரில் ஒரு விளக்கு. விளக்குச் சிவப்பாக எரிந்ததும் பேசத் தொடங்க வேண்டும் என்பது முறை. முப்பத்து நான்கு ஆண்டுகள் வகுப்பறையில் பேசிப் பழகிய எனக்கு, அந்தச் செவ்விளக்கு எரிந்த கணத்தில் நா உலர்ந்தது. கையிலிருந்த தாள் சற்றே அசைந்தது. இதனை நான் உங்களிடம் மறைக்காமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. அச்சத்தைப் பற்றிப் பேச வந்த ஒருவன் அச்சமே அறியாதவனாக இருப்பான் என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது. அச்சத்தை அறியாதவனிடம் நீங்கள் கற்றுக்கொள்ளத் தக்கது ஒன்றும் இல்லை. அதனோடு பல ஆண்டுகள் பழகியவன் என்ற ஒரு தகுதியே எனக்கு உண்டு.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். வகுப்பில், ‘ஐயா, எனக்கு ஓர் ஐயம்’ என்று எழுந்து நிற்கும் மாணவனைக் கண்டால் எந்த ஆசிரியருக்கும் மகிழ்ச்சியே உண்டாகும். அந்த ஐயம் பாடத்தைப் பற்றியது. அதற்கு விடை உண்டு. விடை கிடைத்ததும் ஐயம் தீர்ந்துவிடும். அறிவு வளர்வதே அத்தகைய ஐயத்தினால்தான். மற்றோர் ஐயம் உண்டு. அது பாடத்தைப் பற்றியது அன்று, தன்னைப் பற்றியது. ‘என்னால் முடியுமா? நான் இதற்குத் தகுதி உடையவன்தானா?’ என்று அது கேட்கும். இங்கே கேட்பவனும் தானே. விடை சொல்ல வேண்டியவனும் தானே. ஆதலின் இந்த ஐயம் எளிதில் தீர்வதில்லை. கேட்கக் கேட்க வளர்கிறது. தேர்வுக்கு முந்தைய இரவில் விளக்கை அணைத்த பிறகும் உறக்கம் வராமல் கிடக்கும் மாணவனைத் துன்புறுத்துவது இதுவே.

அச்சத்திலும் இவ்வாறே இரு வகை உண்டு. பாம்பைக் கண்டு விலகுவதும், வெள்ளம் பெருகும் ஆற்றில் இறங்காமல் கரையில் நிற்பதும் உயிரைக் காக்கும் அச்சங்கள். அஞ்சத் தக்கதைக் கண்டு அஞ்சாமல் இருப்பதை வள்ளுவர் வீரமென்று கொள்ளவில்லை. அறிவின்மை என்றே கொண்டார். அதே வள்ளுவர் ‘அவை அஞ்சாமை’ என்று தனியே ஓர் அதிகாரமும் வகுத்திருக்கின்றார். கற்றவன் சபையைக் கண்டு நடுங்குவது எந்த உயிரையும் காப்பதில்லை. கற்ற கல்வியைப் பயனற்றதாக்கிவிடுகிறது. நாம் இன்று பேசப்போவது இந்த இரண்டாம் வகை அச்சத்தையும், அதற்கு வித்தாகிய தன்னையமென்னும் நோயையும் பற்றியே.

இந்நோயைப் பற்றி நம் நாட்டுப் பழைய நூல் ஒன்று வியக்கத்தக்க தெளிவோடு பேசுகின்றது. அது பதஞ்சலி முனிவரின் யோக சூத்திரம். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமை உடையது. நான்கு பாதங்களாகப் பகுக்கப்பட்டு, ஏறத்தாழ 195 சூத்திரங்களைக் கொண்டது. அளவில் மிகச் சிறியது. தமிழ் மக்களுக்குப் பதஞ்சலி புதியவரல்லர்; தில்லையில் கூத்தப்பெருமானின் நடனத்தை வியாக்கிரபாதரோடு கண்டு நிற்பவராக அவரை நம் சைவ மரபு போற்றுகிறது. அவர் கூறிய யோகத்தின் எட்டு உறுப்புகளைத் திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் விரித்துரைக்கின்றார்.

யோகம் என்றவுடன் உடலை வளைத்தும் தலைகீழாக நின்றும் செய்யும் ஆசனங்களே இன்று பலருக்கு நினைவில் எழுகின்றன. அவை நல்லவை. ஆனால் பதஞ்சலியார் ஆசனத்தைப் பற்றி நேரே கூறும் சூத்திரங்கள் மூன்றே. மற்றவை பெரும்பாலும் மனத்தைப் பற்றியவை. மனம் எவ்வாறு அலைகிறது, அலைவதால் எவ்வாறு துன்புறுகிறது, அலைவதை நிறுத்துவது எங்ஙனம் என்பவையே அந்நூலின் பொருள். ஆதலின் அதனை மனத்தைப் பற்றிய ஒரு பாடநூல் என்று கொள்வதில் பிழையில்லை.

அந்நூலின் முதற்பாதத்தில், மனம் ஒருமைப்படுவதற்கு இடையூறாக நிற்பவை ஒன்பது என்று கணக்கிட்டுக் கூறுகின்றார் ஆசிரியர். நோய், மனத்தின் மந்தநிலை, ஐயம், கவனக்குறைவு, சோம்பல், புலன்களின் வேட்கையை விடமாட்டாமை, ஒன்றை மற்றொன்றாகக் காணும் மயக்கம், முயன்றும் ஒரு நிலையை எட்டாமை, எட்டிய நிலையில் நில்லாமை என்பவை அவை. கவனக்குறைவுக்கு அவர் இட்ட பெயர் ‘பிரமாதம்’. இன்று நாம் புகழ்ச்சியாக வழங்கும் அச்சொல் அங்கே குறையைச் சுட்டுவது, சொற்கள் காலத்தால் எவ்வளவு மாறுகின்றன என்பதற்கு நல்ல சான்று.

இவ்வரிசையில் ஐயம் மூன்றாவதாக நிற்பதை நோக்குங்கள். அதற்கு முன்னே நிற்பது உடல் நோய். பின்னே நிற்பது சோம்பல். காய்ச்சல் வந்த மாணவனைப் பார்த்து, ‘நீ இழிந்தவன்’ என்று எவரும் கூறுவதில்லை. மருந்து கொடுக்கிறோம், ஓய்வு தருகிறோம். ஐயத்தையும் பதஞ்சலியார் அந்த வரிசையிலேயே வைத்தார். அது பாவமன்று, பிறவிக் குறையுமன்று, வழியிலே கிடக்கும் ஒரு தடை. நடப்பவனுக்குத்தான் வழியும் உண்டு, வழியில் தடையும் உண்டு. வீட்டிலேயே இருப்பவனுக்குக் காலில் கல் இடறுவதில்லை. ஆகவே, தன்னைப் பற்றிய ஐயம் ஒருவனுக்கு எழுந்தது என்றால், அவன் ஏதோ ஒன்றை நோக்கிப் புறப்பட்டுவிட்டான் என்பதே அதன் பொருள்.

ஐயம் என்பது யாது என்பதற்கு, அந்நூலின் பழைய உரையாசிரியராகிய வியாசர் ஒரு விளக்கம் தருகின்றார். இரண்டு முனைகளையும் மாறி மாறித் தொட்டுக்கொண்டு, எதிலும் நில்லாத அறிவே ஐயம் என்பது அவர் கருத்து. தராசின் முள் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டேயிருந்தால் பொருளின் எடையை அறிய இயலாது. முள் ஆடுவதால் தராசு கெட்டுவிட்டது என்று சொல்லலாமா? அது நிற்க வேண்டும், அவ்வளவே.

அடுத்த சூத்திரத்தில் பதஞ்சலியார் மேலும் நுட்பமான ஒன்றைக் கூறுகின்றார். இவ்விடையூறுகள் தனியே வருவதில்லை; நான்கு துணைகளோடு வருகின்றன என்கிறார். துன்பம், மனச்சோர்வு, உறுப்புகளின் நடுக்கம், ஒழுங்கு தவறிய மூச்சு என்பவை அந்த நான்கு துணைகள். முதல் இரண்டும் மனத்தைச் சார்ந்தவை. பின் இரண்டும் உடலைச் சார்ந்தவை. மேடையேறிய மாணவிக்கு முழங்கால் ஏன் நடுங்குகிறது, வினாத்தாளைக் கையில் வாங்கியவனுக்கு மூச்சு ஏன் மேலும் கீழுமாக வாங்குகிறது என்பதற்கு இங்கே விடை இருக்கிறது. மனம் தடுமாறும்போது உடலும் உடன் தடுமாறும்.

இதனை இக்கால உடலியலும் வேறொரு வழியில் விளக்குகின்றது. வால்ட்டர் கேனன் என்னும் அமெரிக்க அறிஞர் 1915-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், அச்சமும் சினமும் எழும்போது உடலில் நிகழும் மாறுதல்களை ஆராய்ந்து கூறினார். ஆபத்து என்று மூளை கருதியவுடன், சிறுநீரகங்களின் மேலே அமைந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலின் என்னும் பொருளைக் குருதியில் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது, மூச்சு விரைகிறது, தசைகள் இறுகுகின்றன, வாய் உலர்கிறது. எதிர்த்துப் போரிடவோ ஓடித் தப்பவோ உடல் செய்துகொள்ளும் ஆயத்தம் அது. காட்டில் விலங்கை எதிர்கொண்டவனுக்கு அது பெருந்துணை. தேர்வு மண்டபத்திலோ போரிடவும் எவரும் இல்லை, ஓடவும் இடமில்லை. எழுந்த ஆற்றல் செல்வதற்கு வழியின்றிக் கையில் நடுக்கமாக வெளிப்படுகிறது. ஆகவே அந்த நடுக்கம் கோழைத்தனத்தின் அடையாளமன்று. உடல் உங்களுக்கு உதவ முன்வந்ததன் அடையாளம். உதவி இடமறியாமல் வந்துவிட்டது, அவ்வளவே.

இந்த உண்மையை அறிந்திருந்தும் நான் அதனை மறந்த ஒரு நாளைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும். ஆண்டு 1997. நான் அப்போது தலைமையாசிரியனல்லன். ஓர் உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குத் தமிழாசிரியன். என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். வீட்டுப்பாடத்தில் அழகாகக் கட்டுரை எழுதுவான். வகுப்பில் கேட்டால் தணிந்த குரலில் சரியான விடை சொல்வான். ஆனால் அரையாண்டுத் தேர்வில் முதற்பக்கத்தில் நான்கு வரிகள் எழுதி, எஞ்சிய தாள்களை வெறுமையாகக் கொடுத்திருந்தான். அவன் வீட்டுப்பாடங்கள் பிறரைப் பார்த்து எழுதியவை என்று நான் முடிவு செய்துவிட்டேன். விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, வகுப்பு முழுவதும் கேட்கும்படி, ‘உனக்குப் படிப்பு ஏறாது, வேறு வேலை பார்த்துக்கொள்’ என்றேன். பொங்கல் விடுமுறை கழிந்து பள்ளி திறந்தபோது அவன் வரவில்லை. இரு முறை அவன் வீட்டுக்குச் சென்றேன். மாமனோடு வெளியூருக்கு வேலைக்குச் சென்றுவிட்டான் என்றார்கள்.

பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், 2011-இல், ஒரு பேருந்து நிலையத்தில் யாரோ ‘ஐயா’ என்று அழைத்தார்கள். திரும்பிப் பார்த்தேன். அவன்தான். மோட்டார் வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றைச் சொந்தமாக நடத்தி வந்தான். உழைத்து உயர்ந்திருந்தான். தேநீர் வாங்கிக் கொடுத்தான். பேருந்து வரும் நேரத்தில், குற்றஞ்சாட்டும் குரலில் அன்று, வெறும் செய்தியாகச் சொன்னான்: ‘ஐயா, அன்றைக்கு எல்லாக் கேள்விக்கும் பதில் தெரியும். கைதான் நடுங்கிக்கொண்டே இருந்தது. பேனாவைப் பிடிக்க முடியவில்லை. உங்களிடம் சொல்லப் பயமாக இருந்தது.’

உறுப்புகளின் நடுக்கம் என்ற சொல்லைப் பதஞ்சலியின் நூலில் நான் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே படித்துக் கோடிட்டு வைத்திருந்தேன். நடுங்கும் கையோடு ஒரு சிறுவன் எதிரே நின்றபோது அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. அவனுடைய ஐயத்துக்கு என் வாயால் ஒரு முத்திரை குத்தி அனுப்பினேன். அவனைப் போன்ற ஒருவன் இன்று இந்த உரையைப் படிக்கக் கூடும் என்பதனாலேயே, எனக்கு வெட்கம் தரும் இச்செய்தியை நான் மறைக்கவில்லை.

இனி, தீர்வுக்கு வருவோம். யோக நூலின் அடிப்படையான கொள்கை ஒன்று உண்டு. காண்பவன் வேறு, காணப்படுவது வேறு. மனத்தில் எழும் எண்ணங்கள் யாவும் காணப்படுபவை. அவற்றைக் காண்கின்ற அறிவு ஒன்று உள்ளே இருக்கின்றது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதையே பதஞ்சலியார் துன்பத்தின் காரணங்களுள் ஒன்றாகக் கூறுகின்றார். இது கடினமான தத்துவம் என்று அஞ்ச வேண்டா. நம் தமிழ் வழக்கிலேயே இதற்கு ஓர் எளிய விளக்கம் இருக்கின்றது. ‘எனக்குக் காய்ச்சல் வந்தது’ என்கிறோம். ‘எனக்குப் பயம் வந்தது’ என்றும் அவ்வாறே சொல்கிறோம். இரண்டு இடத்திலும் ‘நான்’ என்னும் சொல் நான்காம் வேற்றுமை உருபேற்று ‘எனக்கு’ என நிற்கிறது. பயம் எழுவாயாக நின்று வருகிறது. வந்தது பயம், அது வந்து சேர்ந்த இடம் நான். வந்த விருந்தாளி வீட்டுக்காரன் ஆகமாட்டான். ‘நான் கோழை’ என்று சொல்லும்போதுதான் விருந்தாளியிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிடுகிறோம். அச்சம் எழும்போது, ‘இதோ, எனக்கு அச்சம் வந்திருக்கிறது, நான் அதனைக் காண்கிறேன்’ என்று உள்ளத்துக்குள் ஒரு முறை சொல்லிப் பாருங்கள். காணத் தொடங்கியவுடனேயே அதற்கும் உங்களுக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி உண்டாகும். அந்த இடைவெளியில் நின்றுதான் மற்ற முயற்சிகளைச் செய்ய வேண்டும்.

அம்முயற்சிகளுள் முதலாவது, ஒன்றைப் பற்றி நின்று பயிலுதல். ஒன்பது இடையூறுகளையும் நான்கு துணைகளையும் அடுக்கிய பதஞ்சலியார், பதின்மூன்றுக்கும் பதின்மூன்று மருந்து கூறவில்லை. ஒரே பொருளில் மனத்தை நிறுத்திப் பழகுதல் என்னும் ஒன்றையே அவற்றிற்கு மருந்தாகக் கூறுகின்றார். இதன் உண்மையை நான் நூலிலிருந்து அறிவதற்கு முன்னரே ஒருவர் எனக்குச் செயலில் காட்டினார்.

1982-ஆம் ஆண்டு நான் ஆசிரியப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தேன். பயிற்சி மாணவர்கள் அருகிலுள்ள பள்ளிக்குச் சென்று, விரிவுரையாளர் பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுக்க, மாதிரிப் பாடம் நடத்த வேண்டும். எனக்கு வந்தது எட்டாம் வகுப்பு; பாடம் ஆகுபெயர். இரவெல்லாம் எடுத்துக்காட்டுகளைத் தேடி வைத்திருந்தேன். வகுப்பில் நுழைந்து கரும்பலகையில் தலைப்பை எழுதும்போது சுண்ணக்கட்டி இரண்டாக ஒடிந்து விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். ஏழாம் நிமிடத்தில் எனக்குச் சொற்கள் முற்றும் நின்றுபோயின. நாற்பது பிள்ளைகள் என்னைப் பார்க்க, நான் சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று மாலையே படிப்பை விட்டு ஊருக்குத் திரும்பிவிடுவது என்று பெட்டியை எடுத்தும் வைத்துவிட்டேன்.

விரிவுரையாளர் என்னை அழைத்தார். வைவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கூறியது இவ்வளவே: ‘தம்பி, இந்த வாரம் நீ பாடம் நடத்த வேண்டா. நாள்தோறும் காலையில் அந்த வகுப்புக்குப் போ. கரும்பலகையைத் துடைத்து, தேதியை அழகாக எழுது. எழுதி முடித்துத் திரும்பி, பிள்ளைகளை ஒரு முறை பார்த்துவிட்டு வந்துவிடு.’ எனக்கு அது தண்டனையாகவே தோன்றியது. முதல் நாள் கை நடுங்கிற்று. மூன்றாம் நாள் தேதியின் எழுத்துகள் நேராக நின்றன. ஐந்தாம் நாள் ஒரு சிறுமி, ‘ஐயா, இன்றைக்குச் சுண்ணக்கட்டி ஒடியவில்லை’ என்றாள். எல்லாருடனும் சேர்ந்து நானும் சிரித்தேன். அடுத்த வாரம் ஆகுபெயரை நடத்தி முடித்தேன். மிகச் சிறப்பாக நடத்தினேன் என்று சொல்லமாட்டேன்; நடத்தி முடித்தேன்.

இதில் உள்ள பாடத்தைக் கவனியுங்கள். அச்சம் நீங்கிய பிறகு கரும்பலகைக்குச் செல் என்று அவர் சொல்லவில்லை. அச்சத்தோடேயே செல்லச் சொன்னார். ஆனால் செய்ய வேண்டியதை மிகச் சிறிதாக்கிக் கொடுத்தார். தன்னம்பிக்கை வந்த பின்பு செயலைத் தொடங்கலாம் என்று காத்திருப்பவன், நீந்தக் கற்ற பின்பே நீரில் இறங்குவேன் என்பவனை ஒப்பான். தன்னம்பிக்கை விதை அன்று. பயிற்சியென்னும் செடியில் பின்னால் காய்ப்பது. கணக்கு வாராது என்று எண்ணும் மாணவன் புத்தகம் முழுவதையும் எண்ணி மலைக்க வேண்டா. நாளும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் அமர்ந்து, இரண்டே கணக்குகளைப் போடட்டும். பேச அஞ்சும் மாணவி, வகுப்பில் நாளொன்றுக்கு ஒரு வினா எழுப்பட்டும். பயிற்சி உறுதிப்படுவதற்குப் பதஞ்சலியார் மூன்று நிபந்தனைகள் கூறுகின்றார்: நெடுங்காலம் செய்தல், இடைவிடாமல் செய்தல், ஈடுபாட்டோடு செய்தல். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் தொடங்கும் பயிற்சி இம்மூன்றில் முதலாவதிலேயே தவறிவிடுகிறது.

இரண்டாவது வழி மூச்சு. மனம் கலங்கினால் மூச்சுக் கலங்குமென்றால், மூச்சைச் சீராக்கி மனத்தைச் சீராக்கவும் இயலுமன்றோ? மூச்சை வெளிவிடுதலையும் நிறுத்துதலையும் மனத்தெளிவுக்குரிய வழிகளுள் ஒன்றாகப் பதஞ்சலியார் கூறுகின்றார். மூச்சை அடக்கி நிறுத்தும் பயிற்சிகளை ஆசிரியரின்றி நீங்களே செய்தல் கூடாது. உங்களுக்கு வேண்டியது எளிதானது. முதுகை நேராக வைத்து அமருங்கள். மனத்துள் நான்கு எண்ணும் வரை மூக்கின் வழியே மெல்ல மூச்சை இழுங்கள். ஆறு எண்ணும் வரை மெல்ல விடுங்கள். ஓர் எண்ணுக்கு ஒரு விநாடி என்று கொண்டால் ஒரு மூச்சுக்குப் பத்து விநாடிகள். நிமிடத்துக்கு 6 மூச்சுகள். வளர்ந்தவர்கள் ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சுவிடுவது இயல்பு. மூச்சை வெளிவிடும்போது இதயத்தின் துடிப்புச் சற்றே தணிகிறது. மூளையிலிருந்து இறங்கி இதயத்தை அமைதிப்படுத்தும் நரம்பு ஒன்று அவ்வேளையில் வலுவாகச் செயல்படுவதே அதற்குக் காரணம். வெளிமூச்சை நீட்டுவதன் பயன் இதுவே. வினாத்தாளை வாங்கியதும் இரண்டு நிமிடங்களை இதற்குச் செலவிடுவது வீணன்று. நடுங்கும் கையால் எழுதி அடித்துத் திருத்தும் நேரம் அதனினும் மிகுதி.

மூன்றாவது, எதிர்நினைவு. தீய எண்ணங்கள் அலைக்கழிக்கும்போது அவற்றுக்கு மாறானதை நினைக்க வேண்டும் என்பது அந்நூலின் இரண்டாம் பாதத்தில் வருவது. பிறரைத் துன்புறுத்தல், பொய் முதலிய எண்ணங்களைக் குறித்தே பதஞ்சலியார் இதனைக் கூறினார். எனினும் தன்னைத் தானே துன்புறுத்தும் எண்ணத்துக்கும் இது பொருந்துமென்று கொள்ளலாம். இதனைச் சிலர் பிழைபட உணர்கின்றனர். ‘நான் வல்லவன், நான் வல்லவன்’ என்று நூறு முறை சொல்லிக்கொள்வது எதிர்நினைவு ஆகாது. மனம் அதனை நம்புவதில்லை. இந்த எண்ணம் எங்கே கொண்டுபோய்விடும், இதன் விளைவு யாது என்று ஆராய்வதையே பதஞ்சலியார் கூறுகின்றார். ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்ற எண்ணம் எழுந்தால், ஒரு தாளை எடுத்துத் தெரிந்த பாடங்களை ஒரு பக்கமும் தெரியாதவற்றை மறு பக்கமும் எழுதுங்கள். பதினான்கு பாடங்களில் ஒன்பது தெரியும், ஐந்து தெரியாது என்று வரலாம். ‘ஒன்றும் தெரியாது’ என்பது பொருளற்ற வெறுஞ்சொல். ‘ஐந்து தெரியாது’ என்பது மெய்யறிவு. முன்னதை வைத்துக்கொண்டு அழத்தான் முடியும். பின்னதை வைத்துக்கொண்டு படிக்க முடியும்.

இவற்றோடு பற்றின்மையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பயிற்சியும் பற்றின்மையும் ஆகிய இரண்டினாலேயே மனம் அடங்கும் என்பது யோக நூலும் பகவத் கீதையும் ஒருசேரக் கூறும் முடிவு. பற்றின்மை என்றால் மதிப்பெண்ணை வெறுத்தல் அன்று. எழுதும் நேரத்தில் மதிப்பெண்ணைப் பற்றி எண்ணாதிருத்தல். அச்சம் எப்போதும் நாளையைப் பற்றியது: முடிவு என்னவாகும், ஊரார் என்ன சொல்வார்கள் என்பது. செயலோ எப்போதும் இன்றையது. மனத்தை இன்றைய வரியில் வைத்திருப்பவனிடம் நாளைய அச்சத்துக்கு இடம் குறையும்.

கீதையின் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். பெருவீரனாகிய அருச்சுனன் போர்க்களத்தின் நடுவே நிற்கிறான். உடல் நடுங்குகிறது, வாய் உலர்கிறது, காண்டீபம் கையிலிருந்து நழுவுகிறது. அந்த முதல் அத்தியாயத்துக்கு நம் முன்னோர் இட்ட பெயர் அருச்சுன விஷாத யோகம். அவனுடைய துயரத்தையே ஒரு யோகம் என்றார்கள்! காரணம், துயருற்ற நிலையிலும் அவன் தேரை விட்டு ஓடவில்லை. வீரனாக நடிக்கவும் இல்லை. தன் கலக்கத்தை வாய்விட்டுச் சொன்னான், கேட்கத் தொடங்கினான். பதினெட்டு அத்தியாயங்களின் இறுதியில்தான் தன் ஐயம் நீங்கியதென்று கூறுகின்றான். இடையில், மனத்தை அடக்குவது காற்றை அடக்குவது போல் அரிதென்று வெளிப்படையாக முறையிடவும் செய்கின்றான். கேட்கத் துணிந்ததே அவனுடைய முதல் வெற்றி.

ஆதலின் கடைசியாக ஒன்று சொல்வேன். சில வேளைகளில் அச்சமும் சோர்வும் நாள் கணக்கில் நீங்காமல், உணவும் உறக்கமும் கெட்டு, வாழ்வே வேண்டா என்ற எண்ணம் வரையில் இழுத்துச் செல்வதுண்டு. பதஞ்சலியார் நோயை இடையூறுகளுள் முதலாவதாக வைத்திருப்பதை மறவாதீர்கள். நோய்க்கு உரியவர் மருத்துவர். அத்தகைய நேரத்தில் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள். 14416 என்னும் அரசின் மனநல உதவி எண்ணுக்குத் தொலைபேசியில் பேசுங்கள். மூச்சுப் பயிற்சி மருந்துக்கு மாற்றன்று. உதவி கேட்பது தோல்வியுமன்று. அருச்சுனன் செய்ததும் அதுவே.

ஆசிரியர்கள் எவரேனும் இதனைப் படிக்க நேர்ந்தால் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வெறுமையான விடைத்தாளைக் கையில் எடுக்கும்போது, அதனைக் கொடுத்தவனின் கையையும் ஒரு முறை பாருங்கள்.

மாணவ மாணவியர்களே, நம்பிக்கை யோகம் பயில்பவனைத் தாயைப் போலக் காக்கும் என்பது பழைய உரையாசிரியரின் கருத்து. தாய் குழந்தையை நடக்கப் பழக்கும்போது, விழாதே என்று சொல்லித் தூக்கியே வைத்திருப்பதில்லை. இரண்டடி தள்ளி நின்று கையை நீட்டுகிறாள். குழந்தை நடுக்கத்தோடுதான் முதலடி வைக்கிறது. நாளைக் காலையில் உங்களுக்கு எது மிகக் கடினமாகத் தோன்றுகிறதோ, அதன் மிகச் சிறிய பகுதி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நீண்ட மூச்சு விடுங்கள். கை நடுங்கினால் நடுங்கட்டும். தேதியை எழுதுங்கள்.